பழைய பிராண்டட் டெஸ்க்டாப்பில் லினக்ஸ் போட்டால் பறக்குமா?

கேள்வி, 2025 அக்டோபர் 18

வீட்டில் ஒரு பிராண்டட் டெஸ்க்டாப் இருக்கிறது, 2012 வாக்கில் வாங்கியது. விண்டோஸ் 10 ஓடுகிறது. ஓடுகிறது என்பதைவிட நகர்கிறது என்று சொல்லலாம். இந்த மாதம் 14ஆம் தேதியோடு அதற்கு ஆதரவும் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறாது என்று அதுவே சொல்லிவிட்டது. அதை எடுத்துவிட்டு லினக்ஸ் என்ற வேறு இயங்குதளம் போட்டால் புதுசு மாதிரி பறக்கும் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். உண்மையா, சும்மா அளக்கிறார்களா?

அக்டோபர் 19, காலை

உண்மை. நேற்றுதான் அக்கா வீட்டு மெஷினுக்கு அதைச் செய்து முடித்தேன், சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன். உங்களுடையதும் அதுவும் கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளைகள்: 2012 மாடல், மூன்றாம் தலைமுறை ஐ3 பிராசஸர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 7 போட்டு வந்தது, 2016இல் இலவசமாகக் கொடுத்தபோது 10க்கு ஏற்றினோம். பவர் பட்டனை அமுக்கிவிட்டுத் துணி மடித்துவிட்டு வந்தால் சரியாக இருக்கும் என்பது அக்கா சொல்லும் கணக்கு.

லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட் 22.2, அதில் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போட்டேன். பறக்கிறது. இன்னொன்று: ஒரு மாதமாக எந்த இணையதளமும் திறக்காமல் 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்றே வந்துகொண்டிருந்ததாம். விண்டோஸ் 10ஐ நிறுத்தப்போகிறார்கள் என்று செய்தியில் கேட்டதால், அதற்கு முன்னோட்டமாக இணையத்தை நிறுத்திவிட்டார்கள் என்று அக்கா முடிவுகட்டியிருந்தார். மின்ட் போட்டதும் எல்லாத் தளமும் திறந்தன. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள்.

அக்டோபர் 19, மதியம்

கண்ணை மூடிக்கொண்டு என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஒருவர் தனியாகக் கேட்டார்: 'சி டிரைவை மட்டும் அழித்தால் டி டிரைவில் உள்ள படங்கள் இருக்கும்தானே?' சி, டி எல்லாம் விண்டோஸ் வைத்த செல்லப் பெயர்கள். லினக்ஸ் இன்ஸ்டாலருக்கு அவை தெரியாது. டிஸ்கை அழித்துவிட்டு நிறுவு என்ற வரியைத் தேர்ந்தெடுத்தால் டியும் சேர்ந்துதான் போகும். முதலில் வெளி டிஸ்க் ஒன்றில் எல்லாவற்றையும் நகல் எடுங்கள். எடுத்த நகலை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி நாலு படம் திறந்து பாருங்கள். அப்புறம் அழிக்கலாம்.

எங்களுக்கு நாற்பது ஜிபி படங்களை நகல் எடுக்க ஐந்து மணி நேரம் ஆனது. பழைய யுஎஸ்பி போர்ட், அப்படித்தான் இருக்கும்.

அக்டோபர் 19, இரவு

விண்டோஸ் 11ஐக் குறுக்கு வழியில் ஏற்ற முடியாதா என்று கேட்டிருக்கிறார்கள். முடியும். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசஸர் வேண்டும் என்பதெல்லாம் நிறுவும்போது நடக்கும் சோதனைகள். ரூஃபஸ் மென்பொருளில் யுஎஸ்பி தயாரிக்கும்போதே அவற்றைத் தாண்டிப் போக டிக் அடிக்கும் இடம் இருக்கிறது. ஆனால் இன்னும் பழைய, கோர் 2 டுவோ பிராசஸர் காலத்து மெஷின்களுக்கு அந்தக் கதவும் மூடிவிட்டது. 24எச்2 பதிப்பிலிருந்து பாப்கவுன்ட் என்ற கட்டளை தெரியாத பிராசஸரில் விண்டோஸ் 11 எழும்பவே எழும்பாது, அதற்குக் குறுக்கு வழி கிடையாது. மூன்றாம் தலைமுறை ஐ3க்கு அது தெரியும், ஏறும். ஏறினாலும் ஆதரவுப் பட்டியலில் இல்லாத மெஷின், பின்னால் வரும் அப்டேட் எதில் எப்போது கழுத்தை நெரிக்கும் என்று சொல்ல முடியாது. நம்முடைய மெஷின் என்றால் விளையாடிப் பார்க்கலாம், அக்காவின் மெஷினில் அந்த விளையாட்டு வேண்டாம் என்று விட்டேன்.

விண்டோஸ் 10 தான் வேண்டும் என்பவர்கள் மைக்ரோசாஃப்டின் நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். அதன் பிறகு இதே கேள்வியோடு மறுபடி வரவேண்டியிருக்கும்.

அக்டோபர் 20, காலை

நிறுவிய கதையைச் சொல்கிறேன், ஏனென்றால் பிராண்டட் மெஷின் என்பதன் அர்த்தம் இங்கேதான் புரிகிறது. நாமே பாகம் பாகமாகச் சேர்த்த பெட்டியில் பயாஸ், அதாவது இயங்குதளத்துக்கு முன்பே மெஷினை எழுப்பும் அடிப்படை மென்பொருள், எல்லாருக்கும் பொதுவாக எழுதியது. பிராண்டட் பெட்டியில் அந்த நிறுவனம் தன் வசதிக்கு எழுதியது, அவர்கள் சோதித்துப் பார்த்தது அநேகமாக விண்டோஸை மட்டும்.

யுஎஸ்பியிலிருந்து எழுப்ப எஃப்12 அமுக்கினேன். அதற்கு முன்பே கறுப்புத் திரையில் ஏதோ இரண்டு வரி வந்து எஃப்1 அமுக்கச் சொன்னது. மானிட்டரின் கீழ் விளிம்பில் அக்கா கைப்பட ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறார்: 'எஃப்1 அமுக்கவும்'. என்ன இது என்றேன். 'அது தினமும் காலையில் கேட்கும், அமுக்கினால் போய்விடும்' என்றார். நானும் அமுக்கினேன், போய்விட்டது.

மெஷினை எழுப்ப லெகசி என்ற பழைய முறை, யுஇஎஃப்ஐ என்ற புது முறை என்று இரண்டு உண்டு. பழைய விண்டோஸ் லெகசி முறையில் இருந்தது. நவீனமாகச் செய்வோமே என்று பயாஸில் யுஇஎஃப்ஐ முறைக்கு மாற்றி மின்ட் நிறுவினேன். இருபது நிமிடத்தில் முடிந்தது. ரீஸ்டார்ட் செய்தால் 'இயங்குதளம் எதுவும் இல்லை' என்கிறது! யுஎஸ்பியில் மறுபடி எழுப்பிப் பார்த்தால் எல்லா ஃபைலும் பத்திரமாக இருக்கிறது. மீண்டும் நிறுவினேன், மீண்டும் அதே. மூன்றாவது முறை நிறுவப் போனபோதுதான், இந்த மாதிரி சில பயாஸ்கள் பூட் பட்டியலில் உள்ள பெயரைப் பார்த்து ஆள் யார் என்று முடிவுசெய்யும் என்று எப்போதோ படித்தது நினைவுக்கு வந்தது. பட்டியலில் இருந்த பெயரை 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்று மாற்றினேன். உள்ளே இருப்பது மின்ட்டை எழுப்பிவிடும் அதே கிரப், அதே மின்ட், மாறியது கதவில் தொங்கும் பெயர்ப்பலகை மட்டும். சமர்த்தாக எழுந்து வந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஆக, இன்று ஒரு லினக்ஸ் மெஷின் தன்னை விண்டோஸ் என்று சொல்லிக்கொண்டுதான் தினமும் எழுந்திருக்கிறது.

அக்டோபர் 20, இரவு

எழுந்திருக்கவில்லை. அக்கா போன் செய்தார். மறுபடியும் 'இயங்குதளம் எதுவும் இல்லை'. ஞாயிறு காலையிலிருந்தே இப்படித்தானாம், நான் வருத்தப்படுவேன் என்று சொல்லவில்லையாம். இங்கே 'பறக்கிறது' என்று நான் எழுதிக்கொண்டிருந்த அதே நேரம் அது அங்கே படுத்துக்கிடந்திருக்கிறது.

அக்டோபர் 25

நேரில் போய்ப் பார்த்தேன். பயாஸுக்குள் தேதி: 2012 ஜனவரி 1.

சிஆர்2032. நாணயம் போல மதர்போர்டில் உட்கார்ந்திருக்கும் 3 வோல்ட் பேட்டரி. அது செத்து மாதக்கணக்காகியிருக்கிறது. அக்கா ராத்திரி சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் படுப்பார். ஸ்விட்ச் போட்டிருக்கும்வரை பவர் சப்ளையிலிருந்து கொஞ்சம் மின்சாரம் மதர்போர்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும், பேட்டரி இல்லாவிட்டாலும் நினைவு தப்பாது. அணைத்தால் காலையில் பயாஸ் பிறந்த குழந்தை. தேதி போச்சு, நான் மாற்றிய யுஇஎஃப்ஐ போச்சு, பழையபடி லெகசி. லெகசிக்கு என்னுடைய மின்ட் கண்ணுக்குத் தெரியாது. சனிக்கிழமை நான் செய்ததெல்லாம் ரீஸ்டார்ட் மட்டுமே, ஒருமுறையாவது சுவர் ஸ்விட்சை அணைத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

அந்த எஃப்1 வரிகளில் எழுதியிருந்தது என்ன தெரியுமா? தேதியும் நேரமும் அமைக்கப்படவில்லை என்பதுதான். படித்தவன் ஒருவன் எதிரே உட்கார்ந்து படிக்காமல் அமுக்கியிருக்கிறேன்.

இதோடு முதல் குறிப்பில் நான் அளந்த 'சாட்சி'யும் கவிழ்ந்தது. தளங்கள் திறக்காமல் போனதற்கு விண்டோஸ் காரணமில்லை. கம்ப்யூட்டர் தான் 2012இல் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தால் எந்தத் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழும் அதற்கு எதிர்காலத்துச் சரக்கு, ஏற்காது. அக்கா பையன் தினமும் நேரத்தைச் சரிசெய்துவிட்டுத்தான் உட்காருவானாம். போன மாதம் அவன் விடுதிக்குப் போனான், அன்றோடு இணையமும் போயிற்று. மின்ட் போட்டதும் திறந்ததற்குக் காரணம், அது நெட் கிடைத்தவுடன் நேரத்தை வெளியிலிருந்து தானே கேட்டுத் திருத்திக்கொண்டது. ஒரு பேட்டரி செய்த வினையை ஒரு இயங்குதளத்தின் தலையில் கட்டி, இன்னொன்றுக்கு மாலை போட்டிருக்கிறேன்.

பேட்டரி மாற்றியாயிற்று. யுஇஎஃப்ஐயை மறுபடி அமைத்தேன், எழுந்துவிட்டது. அக்கா அந்தச் சீட்டை மரியாதையாகப் பிரித்து எடுத்தார்.

அக்டோபர் 26

பழைய மெஷினில் கை வைப்பவர்களுக்கு: முதலில் பேட்டரி. மெஷினுக்கு எட்டு வயதுக்கு மேல் என்றால் யோசிக்காமல் மாற்றிவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள். கழற்றும் முன் பயாஸ் பக்கங்களை மொபைலில் படம் பிடித்துக்கொள்ளுங்கள், முக்கியமாக லெகசியா யுஇஎஃப்ஐயா, டிஸ்க் இணைப்பான சாட்டா எந்த முறையில் இருக்கிறது என்ற இரண்டையும்.

இருபது வருடப் பழசு, 32 பிட் மட்டும் தெரிந்தது, என்ன செய்யலாம் என்றவருக்கு: வழி சுருங்கிவிட்டது. டெபியன் என்ற லினக்ஸ் வகையில் 12ஆம் பதிப்பு வரை 32 பிட் இன்ஸ்டாலர் இருந்தது, இந்த ஆகஸ்டில் வந்த 13இல் இல்லை. அந்த மெஷினைப் பழைய விளையாட்டுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள், இணையத்தில் விடவேண்டாம்.

நவம்பர் 2

ஒரு ஒப்புதல் வாக்குமூலம். 'பறக்கிறது' என்று எழுதினேன் அல்லவா, இரண்டு வாரத்தில் இறக்கை உதிர்ந்துவிட்டது. படங்களைத் திரும்ப உள்ளே ஏற்றிய பிறகு, ஒரு ஃபோல்டரைத் திறந்தால் மவுஸ் மட்டும் நகர்கிறது, மற்றதெல்லாம் பத்து விநாடி சிலை. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி துணி மடிக்கத் தொடங்கிவிட்டார், அதிலேயே புரிந்துவிட்டது.

மின்ட்டிலேயே டிஸ்க்ஸ் என்று ஒரு கருவி இருக்கிறது, அதில் ஸ்மார்ட் விவரம், அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் கணக்கு, பார்க்கலாம். முதல் நாளே பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. டிஸ்கில் தகவல் பதியும் சிறு கட்டங்கள்தான் செக்டர்கள். பழுதாகி மாற்று இடம் ஒதுக்கியவை 1,384. படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை 72. அப்படி ஒரு செக்டரில் மாட்டிக்கொண்டால் ஹார்ட் டிஸ்க் விட்டுக்கொடுக்காமல் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும், அதுவரை வரிசையில் நிற்கும் எல்லா வேலையும் நிற்கவேண்டியதுதான். காதை அருகில் வைத்தால் டக், டக், ஒரு இடைவெளி, டக் என்று கேட்கிறது. நிறுவிய அன்று வேகமாக இருந்ததற்குக் காரணம், டிஸ்க் கிட்டத்தட்டக் காலி, ஃபைல்கள் அந்தப் புண் பக்கம் போகவேயில்லை.

நாற்பது ஜிபிக்கு ஐந்து மணி நேரம் என்றேனே, இப்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். யுஎஸ்பி 2 மந்தம்தான், ஆனாலும் பொதுவாக விநாடிக்கு 30 எம்பி தரும். நாற்பது ஜிபி அரை மணி நேரத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். டிஸ்க் அன்றைக்கே அழுதிருக்கிறது, 'பழைய போர்ட், அப்படித்தான் இருக்கும்' என்று நான் தத்துவம் பேசியிருக்கிறேன். நகல் எடுத்து வைத்ததாலும் அதை அழிக்காமல் விட்டதாலும் பிழைத்தோம்.

நவம்பர் 9

நேற்று ஹார்ட் டிஸ்குக்குப் பதில் எஸ்எஸ்டி என்ற, சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க் போட்டாயிற்று, 240 ஜிபி. கூடவே இன்னொரு 4 ஜிபி ரேம். ரேம் முதலில் எடுக்கவில்லை, பீப் பீப் என்று கத்தியது. கழற்றி, பொன்னிறக் கால்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் திரும்பச் செருகியதும் அடங்கியது.

எஸ்எஸ்டி காலியாக இருக்கும்போதே ஒரு குறுகுறுப்பு. மின்ட் போடுவதற்கு முன் விண்டோஸ் 10ஐ அதில் போட்டுப் பார்த்தால் என்ன? போட்டேன். உரிமம் மதர்போர்டோடு ஒட்டியிருப்பதால் கேட்காமலே ஆக்டிவேட் ஆனது. பட்டனிலிருந்து டெஸ்க்டாப் வர 27 விநாடி! துணி ஒன்றுகூட மடிக்க முடியாது. அப்புறம் அழித்துவிட்டு மின்ட் போட்டேன், 21 விநாடி.

ஆறு விநாடி வித்தியாசத்துக்காகவா இத்தனை நாள் ஆட்டம்? கேள்வி கேட்டவருக்கு இப்போது என் பதில்: மெஷின் நகர்கிறது என்றால் இயங்குதளத்தை மாற்றுவதற்கு முன் டிஸ்கைப் பாருங்கள். லினக்ஸால் செத்துக்கொண்டிருக்கும் டிஸ்கை எழுப்ப முடியாது. உங்களிடம் பறக்கும் என்று சொன்ன பலரும் லினக்ஸோடு எஸ்எஸ்டியும் போட்டிருப்பார்கள், சொல்லும்போது லினக்ஸை மட்டும் சொல்வார்கள். அதற்காக விண்டோஸ் 10ஐயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. அப்டேட் நின்றுபோன இயங்குதளத்தில் அக்கா வங்கிக் கணக்கைத் திறப்பது எனக்குச் சரிப்படாது. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. காரணம் அதுதான், வேகமில்லை. முதல் குறிப்பில் இரண்டையும் குழப்பிவிட்டேன்.

ஒரு திருத்தமும் இருக்கிறது. இந்த முறை லெகசியிலேயே நிறுவினேன். 2 டிபிக்கு உட்பட்ட டிஸ்க், ஒரே இயங்குதளம் என்றால் இந்த வயது மெஷினுக்கு யுஇஎஃப்ஐயால் எந்த லாபமும் இல்லை. பெயர்ப்பலகை மாற்றும் வித்தையைப் பெருமையாக எழுதியிருந்தேன், தேவையே இல்லாத வித்தை அது. இனி பேட்டரி செத்தாலும் பயாஸ் தன் பிறவிக் குணமான லெகசிக்குத்தான் போகும், மின்ட் எழும்பும்.

நவம்பர் 10

மறுபடியும் எஃப்1. போன் எடுத்ததுமே அக்கா சிரிக்கிறார்.

இந்த முறை பேட்டரி இல்லை. பிராண்டட் பெட்டிகளில் ஒயர் எண்ணி வைத்தாற்போல இருக்கும், எஸ்எஸ்டிக்கு மிச்ச பவர் கனெக்டர் இல்லை. பழைய டிஸ்கைப் படங்களைச் சரிபார்க்கும்வரை கழற்றாமல் வைத்திருந்ததால், டிவிடி டிரைவின் ஒயரைப் பிடுங்கிப் போட்டேன். 'இந்த போர்ட்டில் ஒரு டிரைவ் இருந்ததே, எங்கே?' என்று பயாஸ் தினமும் காலையில் தேடுகிறது. பயாஸில் அந்த போர்ட்டை ஆஃப் செய்தால் தேடாது. போனிலேயே சொல்லிச் செய்துவிடலாம், ஆனால் 'அம்புக்குறியைக் கீழே, இல்லை அக்கா, இன்னும் கீழே' என்று கால் மணி நேரம் போகும். வாரக் கடைசியில் போகும்போது பார்த்துக்கொள்கிறேன்.

நவம்பர் 16

தமிழில் தட்டச்சு எப்படி என்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள். அக்கா தமிழ் 99 ஆள். கீபோர்டு அமைப்புப் பட்டியலில் தமிழ் 99 என்று ஒன்று இருக்கும், அவசரத்தில் அதைத்தான் முதலில் போட்டுக்கொடுத்தேன். இரண்டு நிமிடத்தில் 'புள்ளி விழமாட்டேன் என்கிறது' என்று வந்தது. 'க'வை இரண்டு முறை தட்டினால் தானாக 'க்க' ஆகவேண்டும் அல்லவா, அந்தப் பட்டியலில் உள்ளது ஒரு விசைக்கு ஒரு எழுத்து என்று மட்டும் பார்க்கும், முன்னால் என்ன வந்தது என்று அதற்குத் தெரியாது. ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருளும் அதற்கான எம்17என் தொகுப்பும் நிறுவி, அதில் உள்ள தமிழ் 99ஐத் தேர்ந்தெடுத்தால் புள்ளி அதனதன் இடத்தில் விழும். டைப்ரைட்டர் விசைப்பலகையும் அதிலேயே இருக்கிறது.

பழைய கடிதங்களில் ஒரு கூத்து. பாமினி எழுத்துருவில் அடித்து வைத்ததெல்லாம் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியும் கொட்டிக் கிடக்கிறது. ஃபைல் கெட்டுப்போச்சு என்று அக்கா முகம் வாடிவிட்டது. கெடவில்லை, எழுத்துரு ஃபைல் இல்லை, அவ்வளவுதான். விண்டோஸ் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரில் நாமாகச் சேர்த்த எழுத்துருக்களை அழிக்கும் முன்பே நகல் எடுத்து வையுங்கள். நான் எடுக்கவில்லை. அவருடைய பழைய பென்டிரைவ் ஒன்றில் தற்செயலாக இருந்தது. புதிதாக எழுதுவதை யூனிகோடிலேயே எழுதச் சொல்லியிருக்கிறேன், 'பார்ப்போம்' என்றிருக்கிறார்.

நவம்பர் 23

கேள்வி கேட்டவர் தன் மெஷினில் ஸ்மார்ட் விவரம் பார்த்தாராம், காத்திருப்புப் பட்டியலில் 8. எட்டுதானே, சமாளிக்கலாமா என்கிறார். எட்டு என்பது எட்டாகவே இருந்தால் கொஞ்ச நாள் ஓட்டலாம், வாரத்துக்கு ஒரு முறை பாருங்கள், ஏறினால் அன்றைக்கே மாற்றுங்கள். நகல் மட்டும் இன்று இரவே.

அக்கா வீட்டு பயாஸில் அந்த போர்ட்டை நேற்று ஆஃப் செய்தேன். பழைய டிஸ்கையும் கழற்றியாயிற்று, அந்த ஒயர் டிவிடிக்குத் திரும்பப் போகலாம், ஆனால் யாருக்கு வேண்டும் டிவிடி? சுவர் ஸ்விட்சை அணைத்து, அரை மணி கழித்துப் போட்டு, மூன்று முறை சோதித்தேன். எஃப்1 கேட்கவில்லை. ஆனாலும் அக்கா அந்தச் சீட்டைத் தூக்கிப் போடவில்லை, மேசை டிராயரில் பத்திரமாக வைத்திருக்கிறார்.